37° எப்படி 370 ஆகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த கட்டுரை ஒன்றில், உடல்நலத்தோடு இருக்கும் மனிதரின் வெப்பநிலை 370 செல்சியஸ் என்று அச்சாகியிருந்தது. ஈயம் உருகுவதற்கே 328 டிகிரிக்குச் சற்றுக் குறைவாக இருந்தால் போதும். கட்டுரையாளர் எழுத நினைத்தது 37° என்பதில் எனக்கு ஐயமில்லை. டிகிரி குறி விசைப்பலகையில் கண்ணில் படவில்லை. ஆகவே ஒரு பூஜ்யத்தைத் தட்டி, அதைச் சிறிதாக்கி, மேலே தூக்கி வைத்திருப்பார். அவருடைய கணினியில் பார்க்க அது டிகிரி குறியாகவே தோன்றியிருக்கும். மின்னஞ்சலிலிருந்து பக்க வடிவமைப்புக்குப் போகும் வழியில், தூக்கி வைத்த பூஜ்யம் இறங்கி வந்து மற்ற இலக்கங்களோடு வரிசையில் நின்றுவிட்டது.

கேலி செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. கேலி செய்யும் தகுதியும் எனக்கு இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றிதழுக்குச் சூரியக் குடும்பத்தைப் பற்றி நான் எழுதிய கட்டுரையில், பூமியிலிருந்து சூரியன் இருக்கும் தொலைவை 1.5 × 10⁸ கிலோமீட்டர் என்று குறிப்பிட்டிருந்தேன். அதில் 8 என்பதைச் சாதாரண எட்டாகத் தட்டி, மேலொட்டு வடிவம் கொடுத்திருந்தேன். இதழில் அது 1.5 × 108 என்று வந்தது. பள்ளி மாணவர் ஒருவர் பொறுப்பாகப் பெருக்கிப் பார்த்து, சூரியன் 162 கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறதா என்று கேட்டு அஞ்சலட்டை எழுதினார். இதழாசிரியர் எதையும் மாற்றவில்லை. நான் அனுப்பியதிலேயே அடுக்குக்குறி என்ற எழுத்து இல்லை, எட்டு என்ற இலக்கமும் அதன்மேல் ஓர் ஒப்பனையும்தான் இருந்தன. வெற்று உரையாக ஒட்டியவுடன் ஒப்பனை கலைந்தது. அன்றிலிருந்து மெய்ப்புத் திருத்துவதில் இந்த ஒரு பிழையை மட்டும் விடாமல் துரத்தி வருகிறேன். அந்த அனுபவத்தைத் தங்கள் வாயிலாகப் பிற வாசகர்களோடும், கட்டுரை அனுப்புவோரோடும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

தட்டச்சுப் பொறியின் காலத்தில் உருவம் ஒன்றே போதுமானதாக இருந்தது. பழைய ஆங்கிலத் தட்டச்சுப் பொறிகள் பலவற்றில் ஒன்று என்ற இலக்கத்துக்கு விசையே கிடையாது. சிறிய ‘எல்’ எழுத்தைத் தட்டிவிட்டு ஒன்று என்று படித்துக்கொண்டார்கள். வியப்புக்குறி வேண்டுமானால் ஒற்றை மேற்கோளைத் தட்டி, ஓரிடம் பின்னே வந்து, அதன் அடியில் புள்ளி வைத்தார்கள். காகிதத்தில் படிப்பது மனிதக் கண் மட்டுமே என்பதால் அதில் குறை ஒன்றும் இல்லை. கணினியிலோ நாம் தட்டும் ஒவ்வொரு எழுத்தும் முதலில் ஓர் எண். உருவம் அந்த எண்ணுக்கு எழுத்துரு போட்டுவிடும் சட்டை மட்டுமே. எழுத்துகளுக்கு எண் வழங்கும் முறையாக 1963இல் முதலில் வெளியான ஆஸ்கியில் 128 எண்களுக்குத்தான் இடம் இருந்தது; அவற்றிலும், பின்னர் நிலைபெற்ற வடிவில், அச்சிடத்தக்கவை 95. அந்த நெருக்கடியில் இணைப்புக்கோடும் கழித்தல் குறியும் ஒரே எண்ணைப் பங்கிட்டுக்கொள்ள நேர்ந்தது. டிகிரிக்கும் பெருக்கலுக்கும் இடமே கிடைக்கவில்லை. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் பொதுவாக எண் தரும் முறையாக 1991இல் முதல் பதிப்பு கண்ட யூனிக்கோடு இந்த நெருக்கடியைத் தீர்த்துவிட்டது. 2024இல் வந்த அதன் 16ஆம் பதிப்பில் 1,54,998 எழுத்துகளும் குறிகளும் தனித்தனி எண்களோடு இருக்கின்றன. ஆனால் நம் கைக்குக் கீழே இருக்கும் விசைப்பலகை மட்டும் பெரும்பாலும் நூற்றுச் சில விசைகளோடு நின்றுவிட்டது. விசையில் அச்சிட்டிருந்தால்தான் அந்த எழுத்து கணினியில் இருக்கிறது என்று நாம் நம்புவதுதான் சிக்கலின் வேர். இல்லாததை ஒப்பேற்றுவதற்கு, இருப்பதில் சாயல் ஒத்த ஒன்றைத் தேடிப் பிடிக்கிறோம்.

டிகிரி குறியையே எடுத்துக்கொள்வோம். மேலே தூக்கிய பூஜ்யம், மேலே தூக்கிய ஆங்கில ‘ஓ’ ஆகியவை போக, அதைப் போலவே தோன்றும் குறிகள் யூனிக்கோட்டிலேயே குறைந்தது இரண்டு உண்டு. ஸ்பானியம், போர்ச்சுக்கீசியம் போன்ற மொழிகளில் ‘முதலாவது’, ‘இரண்டாவது’ என்று வரிசை சொல்வதற்கு எண்ணுக்குப் பின் இடும் º ஒன்று. எழுத்தின் தலையில் இடும் வளையமாகிய ˚ மற்றொன்று. மெய்யான டிகிரி குறி °. மூன்றையும் அருகருகே வைத்தால்தான் வேறுபாடு தெரிகிறது. தனித்தனியே வந்தால் தெரிவதில்லை. மேக் கணினியில் ஆப்ஷன் விசையோடு பூஜ்யத்தை அழுத்தினால் முதலாவதும், ‘கே’யை அழுத்தினால் இரண்டாவதும் வந்து நிற்கின்றன; ஆப்ஷன், ஷிஃப்ட், 8 ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தினால்தான் டிகிரி குறி வரும். பூஜ்யத்தோடு வந்ததே போதும் என்று நிறுத்திவிடுகிறவர்கள் மிகப் பலர்.

இந்த இடத்தில், “வாசகருக்குப் புரிந்தால் போதாதா?” என்று ஒருவர் கேட்கலாம். அச்சில் மட்டும் நின்றுவிடுகிற எழுத்தானால் போதும் என்று நானும் ஒப்புக்கொண்டிருப்பேன். ஆனால் இன்று அச்சாகும் ஒவ்வொரு கட்டுரையும் இணையத்திலும் ஏறுகிறது. அங்கே அதை முதலில் படிப்பது மனிதர் அல்ல, தேடும் நிரலும் வரிசைப்படுத்தும் நிரலும் வாய்விட்டுப் படிக்கும் நிரலும்தான். அவை உருவத்தைப் பார்ப்பதில்லை, எண்ணைப் பார்க்கின்றன. பார்வையற்ற நண்பர் ஒருவர் திரைவாசிப்பியின் உதவியோடு நாள்தோறும் நாளிதழ் படிப்பவர். ஒரு கட்டுரையில் “ஒ, ளவையார்” என்று யாரோ ஒருவர் திரும்பத் திரும்ப வருகிறாரே, அவர் யார் என்று என்னைக் கேட்டார். பக்கத்தைத் திறந்து பார்த்த எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது.

ஏனென்றால் இந்தச் சாயல் நோய் தமிழில்தான் மிகவும் முற்றியிருக்கிறது. ஔ என்பது ஓர் உயிரெழுத்து. அதற்கு யூனிக்கோட்டில் தனி எண் உண்டு. ஆனால் நம்மில் பலர் ஒ என்ற எழுத்தையும் அதன்பின் ள என்ற எழுத்தையும் தட்டிவிட்டு, ‘ஒள’ என்று கண்ணுக்குத் தெரிவதைக் கண்டு திருப்தி அடைந்துவிடுகிறோம். ‘ஔவையார்’ என்று தேடுகிறவருக்கு ‘ஒளவையார்’ கிடைப்பதில்லை. அகரவரிசையில் ஔகாரத்தில் இருக்க வேண்டியவர், ஒகரத்தில் ‘ஒளி’க்கும் ‘ஒளிவு’க்கும் பக்கத்தில் ஒண்டிக்கொண்டிருக்கிறார். இதே கதைதான் கௌரவத்துக்கும் பௌர்ணமிக்கும் நேர்ந்திருக்கிறது: ஔகாரக் குறியாகிய ௌ என்பதைத் தட்டாமல், எகரக் கொம்பையும் ள என்ற முழு எழுத்தையும் தட்டுவதால் ‘கெளரவம்’, ‘பெளர்ணமி’ என்று எழுதிவிடுகிறோம். ஒரு நுணுக்கத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஔவின் வலப் பாதியாக வரும் சிறகுக்கு ‘ௗ’ என்று தனி எண் உண்டு. ஒ என்பதோடு அதைச் சேர்த்தால், அந்தச் சேர்க்கையும் ஔ என்ற ஒற்றை எழுத்தும் சமம் என்று யூனிக்கோடு விதித்திருக்கிறது. ஆனால் அந்தச் சிறகும் ள என்ற மெய்யான எழுத்தும் எந்த விதியாலும் சமம் ஆகா. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகளாக இருந்தாலும் கணினிக்கு அவை உறவே இல்லாதவை.

சரி, மொத்தமாகத் தேடி மாற்றிவிடலாமே என்று தோன்றும். நானும் ஒருமுறை அவசரத்தில் அப்படிச் செய்தேன். இருநூறு பக்கக் கோப்பு ஒன்றில் ‘ெள’ என்ற சேர்க்கை எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் ‘ௌ’ என்று மாற்றும்படி கட்டளையிட்டேன். ‘கெளரவம்’ எல்லாம் ‘கௌரவம்’ ஆயிற்று. கூடவே ‘வெள்ளி’ எல்லாம் ‘வௌ்ளி’ என்றும், ‘தெளிவு’ எல்லாம் ‘தௌிவு’ என்றும் ஆகிவிட்டன. ள என்ற எழுத்து போய்விட்டதால், அதன்மேல் உட்கார வேண்டிய புள்ளியும் இகரக் குறியும் அந்தரத்தில் தொங்கின. இப்படித் தொங்கும் சொற்களை இணையத்தில் இன்றும் காணலாம். என்னைப் போன்ற அவசரக்காரர் ஒருவர் அங்கும் இருந்திருக்கிறார் என்று புரிந்துகொள்வேன். ளகரத்துக்குப் பின் புள்ளியோ உயிர்க்குறியோ வராத இடங்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுவதே பாதுகாப்பானது.

இந்தப் பிழைக்குச் சோம்பலைத் தவிர வேறு காரணமும் கிடையாது என்பதுதான் வருத்தம். 1999இல் தரப்படுத்தப்பட்ட தமிழ் 99 விசைப்பலகையில் ஔ எழுத்துக்குக் கீழ் வரிசையின் இடக்கோடியில் தனி விசையே இருக்கிறது. ஆங்கில ஒலிப்பு முறையில் தட்டுகிறவர்களுக்குப் பெரும்பாலான செயலிகளில் ‘ஏ’யையும் ‘யு’வையும் அடுத்தடுத்துத் தட்டினாலே அது வந்துவிடும். தமிழ் இலக்கங்களும் இப்படித்தான் படாதபாடு படுகின்றன. ஒன்று என்பதற்கு ௧ என்றும், இரண்டு என்பதற்கு ௨ என்றும், ஏழு என்பதற்கு ௭ என்றும், எட்டு என்பதற்கு ௮ என்றும் தனி எழுத்துகள் இருக்க, க, உ, எ, அ என்று உயிரையும் உயிர்மெய்யையும் தட்டிவிட்டுத் தமிழ் எண்ணில் ஆண்டு எழுதிவிட்டதாகப் பெருமைப்படுகிறோம். ஸ்ரீ என்ற எழுத்தின் நிலை இன்னும் விந்தையானது. ஸகரத்தை வைத்தும் அதை எழுதலாம்; 2005இல் 4.1ஆம் பதிப்பில் சேர்ந்த ஶகரத்தை வைத்தும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசலாக ஒரே உருவம்தான். ஒரே பெயரைக் கொண்ட இருவர் பட்டியலில் அடுத்தடுத்து வராமல் எங்கோ பிரிந்து நின்றால், இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இனி, விசைப்பலகையில் இல்லாத குறியை எப்படித் தட்டுவது என்பதற்கு வருகிறேன். விண்டோஸ் கணினியில் பலரும் அறிந்தது, ஆல்ட் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலப்பக்க எண்பட்டையில் ஓர் எண்ணைத் தட்டும் முறை. 0176 என்று தட்டினால் °, 0215 என்றால் ×, 0189 என்றால் ½, 0178 என்றால் ², 0150 என்றால் –. எழுத்து விசைகளுக்கு மேலே வரிசையாக இருக்கும் எண் விசைகளில் இது வேலை செய்யாது; எண்பட்டையை இயக்கும் நம்லாக் விளக்கு ஒளிர்ந்துகொண்டிருக்க வேண்டும்; எண்பட்டையே இல்லாத மடிக்கணினியில் இந்த வழி அடைபட்டுவிடும். முன்னால் உள்ள பூஜ்யத்தை அலங்காரம் என்று எண்ணி விட்டுவிடக் கூடாது. ஆல்ட்டோடு 0171 என்று தட்டினால் « என்ற மேற்கோள் குறி வரும், பூஜ்யமின்றி 171 என்று தட்டினால் ½ வரும். பூஜ்யம் இல்லாத எண், விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்துப் பட்டியலைத் திறக்கிறது. பூஜ்யத்தோடு வரும் எண் விண்டோஸின் பட்டியலைத் திறக்கிறது. இரண்டிலும் 256 இடங்களுக்கு மேல் கிடையாது. அதற்கு மேற்பட்ட எண்ணைக் கொடுத்தால் வேர்ட் போன்ற சில செயலிகள் புரிந்துகொள்ளும். மற்றவை பல, 256ஆல் வகுத்து மிச்சத்தை எடுத்துக்கொள்ளும். யூரோ குறியின் யூனிக்கோடு எண்ணாகிய 8364ஐ அத்தகைய செயலியில் தட்டினால், மிச்சம் 172. பழைய பட்டியலில் அது ¼. யூரோவைக் கேட்டவருக்குக் கால் கிடைக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த வழி வேர்ட் செயலியில் இருக்கிறது. வேண்டிய எழுத்தின் யூனிக்கோடு எண்ணை, பதினாறு அடிமானத்தில் (0 முதல் 9 வரையும், A முதல் F வரையும் கொண்டு) எப்படி எழுதுகிறார்களோ அப்படியே தட்டிவிட்டு, ஆல்ட் விசையோடு ‘எக்ஸ்’ விசையை அழுத்தினால், எண் மறைந்து எழுத்து வந்து நிற்கும். 2212 என்று தட்டி அழுத்தினால் − என்ற மெய்யான கழித்தல் குறி. 2076 என்றால் ⁶. 2078 என்றால் ⁸. எதிர்த்திசையிலும் இது பயன்படும்: சந்தேகத்துக்குரிய எழுத்தின் பின்னே சுட்டியை வைத்து அதே இரு விசைகளை அழுத்தினால், அந்த எழுத்து தன் எண்ணைக் காட்டிவிடும். டிகிரியா, வளையமா என்ற வழக்கை நான் இப்படித்தான் தீர்த்துக்கொள்கிறேன். ஒரே ஒரு பள்ளத்தை மட்டும் தாண்ட வேண்டும். 10 என்று தட்டிவிட்டு, இடைவெளி விடாமல் 2078 என்று தட்டி அழுத்தினால், வேர்ட் அதை 102078 என்ற ஒரே எண்ணாக எடுத்துக்கொள்ளும். கெட்ட காலம், அதுவும் யூனிக்கோட்டில் செல்லுபடியாகும் எண்தான். தனியார் பயன்பாட்டுக்கென ஒதுக்கிய பகுதியில் இருக்கிறது. ஆகவே பத்தும் மறைந்து, எட்டும் மறைந்து, ஒரு வெற்றுப் பெட்டி மட்டும் மிஞ்சும். 2078 என்ற நான்கு இலக்கங்களை மட்டும் தேர்ந்தெடுத்துக்கொண்டு அழுத்தினால் இந்தத் தொல்லை இல்லை.

எண்களை நினைவில் வைக்க விரும்பாதவர்களுக்கு, விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் விண்டோஸ் விசையோடு முற்றுப்புள்ளியை அழுத்தினால் திறக்கும் பலகை போதும். அதைப் பொம்மை முகங்களுக்கான இடம் என்றே பலர் நினைக்கிறார்கள்; அதற்குள் குறிகளுக்கென்று தனிப் பகுதி உண்டு. மேக் கணினியில் கண்ட்ரோல், கமாண்ட் விசைகளோடு இடைவெளி விசையை அழுத்தினால் இதைவிட விரிவான பட்டியல் திறக்கும். லினக்ஸ் பயன்படுத்துவோர் பலருக்குக் கண்ட்ரோல், ஷிஃப்ட், ‘யு’ ஆகியவற்றை அழுத்தி எண்ணைத் தட்டும் வழி தெரிந்திருக்கும். அவர்களிடம் இருக்கும் மற்றொரு வசதியைக் கண்டுதான் எனக்குப் பொறாமை: கம்போஸ் விசை. 1980களின் தொடக்கத்தில் டெக் என்ற கணினி நிறுவனத்தின் விசைப்பலகையில் வந்த யோசனை அது. அந்த விசையைத் தட்டிவிட்டு, வேண்டிய குறி எவற்றால் ஆனது போலத் தோன்றுகிறதோ அவற்றைத் தட்டினால் போதும். ஒன்றையும் இரண்டையும் தட்டினால் ½. ‘எக்ஸ்’ இரண்டு முறை தட்டினால் ×. சிறிய ‘ஓ’ இரண்டு முறை தட்டினால் °. சாயலைத் தேடும் நம் பழக்கத்தையே வழியாக்கிக்கொண்டு, முடிவில் மெய்யான எழுத்தைக் கையில் தந்துவிடுகிறது. விண்டோஸிலும் இதைப் பெற வின்கம்போஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. நாள்தோறும் ஐந்தாறு குறிகள் மட்டுமே தேவைப்படுவோர் வேர்டின் தானியங்கித் திருத்தத்தில் ஒரு சுருக்கச் சொல்லைப் பதிந்துவைத்தால் வேலை முடிந்தது.

ஆசிரியர் குழுவினர் கவனிக்க வேண்டியது இன்னும் ஒன்று உண்டு. வந்து சேர்ந்த கோப்பில் ஓர் எழுத்தின் இடத்தில் வெற்றுப் பெட்டி தெரிந்தால், அது பெரும்பாலும் எழுத்துருவின் குறை. எண் பத்திரமாகவே இருக்கும், எழுத்துருவை மாற்றினால் உருவம் வந்துவிடும். 2019இல் 12ஆம் பதிப்பில் தமிழின் பழைய பின்னங்கள், அளவைக் குறிகள் ஆகிய 51 எழுத்துகள் சேர்ந்தன. அவற்றைத் தாங்கும் எழுத்துருக்கள் குறைவு என்பதால், பெட்டியைக் கண்டவுடன் அழித்துவிடுகிறவர்கள் சரியான எழுத்தையே அழித்துவிடுகிறார்கள். பெட்டிக்குப் பதிலாகக் கேள்விக்குறி வந்திருந்தால், எழுத்து வழியிலேயே தொலைந்துவிட்டது என்று பொருள். அனுப்பியவரிடம் மீண்டும் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. ஒரு கோடு இருக்க வேண்டிய இடத்தில் தொப்பி அணிந்த ஆங்கில ‘ஏ’யும் யூரோ குறியும் ஒரு மேற்கோள் குறியும் கூட்டமாக வந்து நின்றால், யூனிக்கோடு கோப்பைப் பழைய முறையில் திறந்திருக்கிறார்கள் என்று அறியலாம், கோப்பைச் சரியான குறிமுறையில் மறுபடி திறந்தால் பெரும்பாலும் தேறிவிடும். இந்த மூன்றையும் ஒன்றாகப் பாவித்து, ‘எழுத்து உடைந்திருக்கிறது’ என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பும் வழக்கம் பல இதழ்களில் இருக்கிறது.

ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது பெரிதாக ஒன்றும் இல்லை. கட்டுரை அனுப்புவோருக்கான விதிகளைத் தாங்கள் வெளியிடும்போது, அடுக்குக்குறியையும் டிகிரியையும் பெருக்கல் குறியையும் ஒப்பனையாக அன்றி எழுத்தாகவே தட்டி அனுப்புமாறு ஒரு வரி சேர்க்க வேண்டும். பக்கம் அச்சுக்குப் போகுமுன் ‘ஒள’ என்ற சேர்க்கையை ஒருமுறை தேடிப் பார்க்குமாறு மெய்ப்புத் திருத்துவோரிடம் சொல்ல வேண்டும். அறிவியல் பக்கத்து வெப்பநிலைக்கு ஒரு திருத்தம் வெளியிட்டால் மகிழ்வேன்.

இந்தக் கடிதத்தில் °, º, ˚ ஆகிய மூன்றும் தனித்தனி எண்களோடு இருக்கின்றன. ⁸ என்பது மேலே தூக்கிய எட்டு அன்று. ‘ஒளவையார்’ என்று ஒருமுறை வேண்டுமென்றே பிழையாக எழுதியிருக்கிறேன், தயவுசெய்து அதைத் திருத்திவிட வேண்டாம். இவற்றில் ஏதேனும் அச்சில் மாறி வந்தால் எந்தப் படியில் மாறிற்று என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, எழுத்துருவோடு கூடிய பிடிஎஃப் படி ஒன்றையும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மெய்ப்புத் திருத்துநர்